என்எம்எம்எஸ் தேர்வு: பாடம் தெரிந்த பிள்ளைகள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பெயர் என்எம்எம்எஸ். தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் திட்டத் தேர்வு என்பது முழுப்பெயர். எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு நாள், இரண்டு தாள், மொத்தம் மூன்று மணி நேரம். தேர்வாகிவிட்டால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். ஆண்டுக்கு 12,000, நான்கு ஆண்டுக்கு 48,000. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது சைக்கிள், நோட்டு, பஸ் செலவு எல்லாவற்றையும் தாண்டி நிற்கிற தொகை.

பணம் தருவது ஒன்றிய அரசு. தமிழ்நாட்டில் தேர்வை நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். நாடு முழுக்க ஆண்டுக்கு 1 லட்சம் பேருக்குப் புதிதாக உதவித்தொகை உண்டு. அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. திட்டம் 2008-ல் வந்தது. அப்போது மாதம் 500 ரூபாய், 2017-லிருந்து 1,000. அதற்குப் பிறகு விலைவாசி எங்கேயோ போய்விட்டது, தொகை மட்டும் அங்கேயே நிற்கிறது. இதை உயர்த்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏன் எட்டாம் வகுப்பு என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2009-ம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. அதாவது எட்டாம் வகுப்பு வரை. நம் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளும் எட்டோடு முடிந்துவிடுகின்றன. ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்கோ, டவுனில் உள்ள மேல்நிலைப் பள்ளிக்கோ போக வேண்டும். படிப்பை நிறுத்துகிற முடிவு பல வீடுகளில் அந்தக் கோடை விடுமுறையில்தான் எடுக்கப்படுகிறது. ‘பொம்பளப் புள்ளய அவ்வளவு தூரம் பஸ்ல எப்படி அனுப்புறது’ என்ற கேள்வியும், ‘பையன் கடைல நின்னா நாலு காசு வரும்’ என்ற கணக்கும் அப்போதுதான் எழும். அந்த இடத்தில் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவதற்காகவே இந்தத் திட்டம்.

யார் எழுதலாம்? அரசு, உள்ளாட்சி, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள். தனியார் பள்ளி, கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளில் படிப்பவர்கள் எழுத முடியாது. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. முன்பு இந்த வரம்பு ஒன்றரை லட்சமாக இருந்தது. ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 50 போதும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு இந்தத் தேர்வுக்காக உட்கார்ந்து பழகியதில் எனக்குப் பட்டது இது: தேறாமல் போகிறவர்களில் கணிசமானவர்கள் பாடம் தெரியாததால் போவதில்லை. கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பது பழக்கமில்லை. விடைத்தாளில் எப்படிக் குறிப்பது என்பது பழக்கமில்லை. கடிகாரத்தோடு சேர்ந்து வேலை செய்வது பழக்கமில்லை. இந்த மூன்றையும் சொல்லிக்கொடுக்க முடியும். டியூஷன் சென்டரும் தேவையில்லை, பணமும் தேவையில்லை. வாரத்துக்கு மூன்று நான்கு நாள், தினம் அரைமணி நேரம், கூடவே உட்கார ஒரு பெரிய மனிதர் இருந்தால் போதும்.

மனத்திறன் தாள்

முதல் தாள் மனத்திறன் தேர்வு. 90 கேள்வி, 90 நிமிடம். இதற்குத் தனிப் பாடத்திட்டம் கிடையாது. எண் தொடர், பொருந்தாததைக் கண்டுபிடிப்பது, ஒப்புமை, குறியீட்டு மொழி, திசை, நாள்காட்டி, கண்ணாடி பிம்பம், மறைந்திருக்கும் உருவம் என்று வரும். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடவேளையிலும் இப்படி ஒரு கேள்வியைப் பார்த்திராத பிள்ளைக்கு முதல் தடவை திகைப்பாகத்தான் இருக்கும். ‘சார், இது எந்தப் பாடத்துல வருது?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

பல இடங்களில் இதைச் சூத்திரமாகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்களில் ஒவ்வொரு வகைக் கேள்விக்கும் ஒரு ‘ஷார்ட்கட்’ இருக்கிறது. அதை மனப்பாடம் செய்த பிள்ளை, கேள்வி கொஞ்சம் மாறி வந்தாலும் நின்றுவிடும். எனக்குத் தெரிந்த நல்ல வழி, விடை சொல்லும் பிள்ளையிடம் ‘எப்படி வந்துச்சு?’ என்று எப்போதும் கேட்பது. சரியாகச் சொன்னாலும் கேட்க வேண்டும்.

ஓர் உதாரணம். இன்று செவ்வாய்க்கிழமை, 61 நாள் கழித்து என்ன கிழமை? 61-ஐ ஏழால் வகுத்தால் மீதி 5. செவ்வாயிலிருந்து ஐந்து நாள் தள்ளினால் ஞாயிறு. விடைகளில் சனி, ஞாயிறு, திங்கள், புதன் என்று கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வகுப்பில் நன்றாகக் கணக்குப் போடும் பெண் சனிக்கிழமை என்று குறித்திருப்பாள்.

“ஏம்மா சனிக்கிழமைன்னு போட்ட?”

“மீதி அஞ்சு வந்துச்சு சார். செவ்வாய் ஒண்ணு, புதன் ரெண்டு, வியாழன் மூணு, வெள்ளி நாலு, சனி அஞ்சு.”

வகுத்தலில் தவறே இல்லை. இன்றைய நாளையும் சேர்த்து எண்ணிவிட்டாள், அவ்வளவுதான். ‘தப்பு, ஞாயிறு’ என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தால் அவள் தனக்கு வகுத்தல் வரவில்லை என்று நினைத்துக்கொள்வாள். ‘நாளைக்கு என்ன கிழமைன்னு கேட்டா, ஒரு நாள் கழிச்சுன்னுதானே அர்த்தம்? அப்ப புதன்தானே ஒண்ணு?’ என்று கேட்டால் முகம் மாறும். இனி அந்தத் தவறு வராது.

இதில் இன்னொன்றையும் காட்ட வேண்டும். சனிக்கிழமை விடைகளில் சும்மா வந்து உட்காரவில்லை. இப்படித்தான் பிள்ளைகள் எண்ணுவார்கள் என்று கேள்வி தயாரிப்பவருக்குத் தெரியும். ஏழெட்டு 55 என்று தப்பாகச் சொல்லும் பிள்ளைக்கு மீதி 6 வரும். அவர்களுக்காகத் திங்கள் காத்திருக்கிறது. தப்பான விடைகள் எங்கிருந்து வருகின்றன என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவர்களே ஒரு கேள்வி எழுதி, மூன்று தப்பான விடை தயாரித்து, பக்கத்துப் பெஞ்சுக்குக் கொடுக்கட்டும். ஏமாற்றுகிற விடையைத் தானே தயாரித்த பிள்ளை அதில் அவ்வளவு எளிதாக ஏமாறாது. வகுப்பில் இதைவிட உற்சாகமான அரைமணி நேரத்தை நான் பார்த்ததில்லை.

பொருந்தாததைக் கண்டுபிடிக்கும் கேள்விகளில் சண்டையே வரும். 9, 16, 25, 27 என்று இருந்தால் எதிர்பார்க்கிற விடை 27, மற்றவை எல்லாம் வர்க்க எண்கள். ஆனால் ஒரு பையன் எழுந்து 16 என்பான். அது மட்டும்தான் இரட்டைப்படை எண். அவன் சொல்வதும் உண்மைதான், அதை மறுக்கக் கூடாது. ‘உன் காரணமும் சரி. ஆனா கேள்வி போட்டவர் எதை நினைச்சிருப்பார்?’ என்று அடுத்த படிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் பொருந்தும்போது, மற்ற மூன்றையும் இறுக்கமாகச் சேர்த்துக் கட்டுகிற காரணத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அங்கே புரியும். எண் தொடரிலும் இப்படித்தான். 3, 7, 15, 31, 63 என்றால் அடுத்தது 127. இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டி வந்தவனும் சரி, 4, 8, 16, 32 என்று இடைவெளியைப் பார்த்து வந்தவளும் சரி. இரண்டு வழியையும் கரும்பலகையில் எழுதிவிட்டால், ஒரு வழி அடைத்துக்கொண்டால் இன்னொன்றை முயன்று பார்க்கும் துணிச்சல் வரும்.

ஆங்கில எழுத்துகளை வைத்து வரும் குறியீட்டுக் கேள்விகள் தமிழ்வழி மாணவர்களைக் கொஞ்சம் கூடுதலாகவே தடுமாற வைக்கின்றன. ஒரு சொல்லின் ஒவ்வோர் எழுத்தையும் மூன்று இடம் தள்ளி எழுதச் சொன்னால், பாதிப் பேர் முதல் எழுத்திலிருந்து விரல்விட்டு எண்ணத் தொடங்குவார்கள். ஒரு கேள்விக்கே மூன்று நிமிடம் போய்விடும். இதற்கு ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லித்தரும் உத்தி ஒன்று உண்டு. ஈ, ஜே, ஓ, டீ, ஒய் ஆகிய ஐந்து எழுத்துகளும் முறையே 5, 10, 15, 20, 25-வது இடத்தில் இருக்கின்றன. இந்த ஐந்தை மட்டும் நினைவில் வைத்தால் மற்றவற்றை முன்னும் பின்னும் ஒன்றிரண்டு எண்ணிப் பிடித்துவிடலாம். தேர்வு அறைக்குள் போனதும் வினாத்தாளின் ஓரத்தில் 26 எழுத்தையும் எண்ணோடு எழுதி வைத்துக்கொள்வதும் நல்ல பழக்கம். ஒரு நிமிடம் செலவாகும், பத்து நிமிடம் மிஞ்சும்.

பிம்பக் கேள்விகளுக்கு ஒரு சின்னக் கைக்கண்ணாடி போதும். கடிகாரத்தில் 4.20 என்றால் கண்ணாடியில் 7.40, இரண்டையும் கூட்டினால் 12 மணி வருவதைப் பிள்ளைகள் பார்த்தே கண்டுபிடிப்பார்கள். திசைக் கேள்விகளுக்கு வகுப்பறையை விட்டு வெளியே வாருங்கள். வடக்குப் பார்த்து மூன்று அடி, வலப்பக்கம் திரும்பி நான்கு அடி என்று மைதானத்தில் நடந்து பார்த்த பிள்ளை, தாளில் இடவலம் குழம்புவதில்லை.

படிப்பறிவுத் தாள்

இரண்டாம் தாளிலும் 90 கேள்வி, 90 நிமிடம். அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. ஏழாம், எட்டாம் வகுப்புப் பாடங்களிலிருந்து வரும். ஏழாம் வகுப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் அநேகமாகத் தூக்கிப் போட்டிருப்பார்கள், அல்லது கீழ் வகுப்புக்குக் கொடுத்திருப்பார்கள். எட்டாம் வகுப்பு தொடங்கியதுமே பழைய புத்தகங்களைச் சேகரித்து வகுப்பு அலமாரியில் வைத்துவிடுவது ஆசிரியர் செய்யக்கூடிய முதல் உதவி.

பாடத்தை எப்படித் திருப்பிப் பார்ப்பது என்பதில்தான் பலர் தவறான பக்கம் போகிறார்கள். திரும்பத் திரும்ப வாசிப்பது, கோடு போடுவது, பத்துத் தடவை எழுதுவது ஆகியவையே நமக்குப் பழக்கம். 2006-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு பிரிவினரைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரை, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் சொன்னார்கள்.

வாசிக்கும்போது ‘தெரியும், தெரியும்’ என்று தோன்றுவது ஐந்து நிமிடத்துக்கான தெரிதல். தேர்வு நடப்பதோ பல வாரம் கழித்து. அதனால் புத்தகத்தை மூடிவைத்து, ‘இந்தப் பாடத்தில் என்னென்ன இருந்தது, ஒரு தாளில் எழுது’ என்று சொல்வது மிக நல்ல பயிற்சி. வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத அம்மாகூட இதற்கு உதவலாம். ‘இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு’ என்று சமைத்துக்கொண்டே கேட்டால் போதும். அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பாடுபடும்போதுதான் எங்கே தனக்குப் புரியவில்லை என்று பிள்ளைக்குத் தெரியும்.

இந்தத் தாளில் மதிப்பெண் சிந்துகிற இன்னோர் இடம், கேள்வியின் தமிழ். ‘பின்வருவனவற்றுள் தவறான இணை எது’, ‘பொருந்தாத கூற்றைக் கண்டறிக’ என்று வரும். ‘தவறான’ என்ற சொல்லைக் கண் தாண்டிப் போய்விடும். முதலில் தென்படும் சரியான இணையைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பாடம் முழுக்கத் தெரிந்திருந்தும் ஒரு மதிப்பெண் போச்சு. தவறான, அல்லாத, பொருந்தாத, தவிர போன்ற சொற்களைப் பார்த்ததும் வட்டம் போடுவதை முதல் நாளிலிருந்தே கைப்பழக்கம் ஆக்கிவிட வேண்டும்.

கூற்று – காரணம் கேள்விகள் இன்னும் தந்திரமானவை. கூற்று: திமிங்கிலம் ஒரு பாலூட்டி. காரணம்: திமிங்கிலம் கடலில் வாழ்கிறது. இரண்டும் உண்மை. பிள்ளை மகிழ்ச்சியாக ‘இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது’ என்பதைக் குறிக்கும். இதற்கு எளிய வழி, இரண்டுக்கும் நடுவில் ‘ஏனென்றால்’ போட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்வது. ‘திமிங்கிலம் ஒரு பாலூட்டி, ஏனென்றால் அது கடலில் வாழ்கிறது.’ வாசித்து முடிக்கும் முன்பே சிரித்துவிடுவார்கள். கோடையில் பருத்தி ஆடை அணிகிறோம், ஏனென்றால் அது வியர்வையை உறிஞ்சும், இது பொருந்துகிறது. தேர்வு அறையில் மனதுக்குள் வாசித்துக்கொள்ளலாம்.

கணக்கில் 20 கேள்விதான். விடையைப் போட்டுப் பார்த்துச் சரிபார்ப்பது, தோராயமாக மதிப்பிட்டு இரண்டு விடைகளை முதலிலேயே ஒதுக்குவது ஆகிய இரண்டும் கைவந்தால் போதும்.

வட்டமும் கடிகாரமும்

விடைத்தாள் ஓஎம்ஆர் தாள். ஒவ்வொரு கேள்வி எண்ணுக்கும் நேரே நான்கு சின்ன வட்டம்; சரியானதைக் கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் நிரப்ப வேண்டும். பெரியவர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். எட்டாண்டு பள்ளி வாழ்க்கையில் இப்படி ஒரு தாளைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். டிக் போடுவார்கள், பாதி வட்டம் நிரப்புவார்கள், மனம் மாறினால் அடித்துவிட்டு இன்னொன்றை நிரப்புவார்கள். இரண்டு வட்டம் நிரப்பினால் இயந்திரம் அந்த விடையை ஏற்காது.

எல்லாவற்றிலும் கொடுமையானது வரிசை தள்ளிப்போவது. 17-வது கேள்வி தெரியவில்லை என்று விட்டுவிட்டு 18-க்குப் போகும் பிள்ளை, விடைத்தாளில் மட்டும் 17-க்கு நேரே நிரப்பிவிடும். அதன் பிறகு எல்லாமே ஒரு கட்டம் மேலே. கடைசிக் கேள்வியில் வட்டம் ஒன்று மிஞ்சும்போதுதான் தெரியும். அப்போது நேரமும் இருக்காது, அழிக்கவும் வழி இருக்காது. எழுபது கேள்விக்குச் சரியான விடை தெரிந்த பிள்ளையின் தாள், இயந்திரத்தின் கண்ணுக்கு எதுவுமே தெரியாத பிள்ளையின் தாள் மாதிரி ஆகிவிடும். ஒவ்வோர் ஐந்து கேள்விக்கும் ஒரு தடவை நின்று, கேள்வி எண்ணும் வட்டத்தின் எண்ணும் ஒன்றா என்று விரல் வைத்துப் பார்ப்பதே மருந்து. ஓஎம்ஆர் தாளை ஜெராக்ஸ் எடுத்து, வகுப்பில் வைக்கும் சின்னத் தேர்வுகளைக்கூட அதிலேயே எழுத வைத்தால், உண்மையான நாளில் கை தானாக வேலை செய்யும்.

நேரம் கேள்விக்கு ஒரு நிமிடம். தெரிந்ததை எல்லாம் முதல் சுற்றில் முடித்துவிட வேண்டும். யோசித்தால் வரும் என்று தோன்றுவதற்கு வினாத்தாளில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர வேண்டும். இரண்டாம் சுற்றில் அதற்கு வரலாம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் இது கஷ்டம். ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போவது அவர்களுக்குத் தோல்வி மாதிரி இருக்கும். பிடிவாதமாக ஆறு நிமிடம் அதிலேயே உட்கார்ந்திருப்பார்கள். 90-ல் ஒன்றை விடுவது கெட்டிக்காரத்தனம் என்பதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. அதனால் ஒரு வட்டத்தையும் காலியாக விடக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 180-க்குச் சராசரியாக 45 வரும். தகுதி பெற இரண்டு தாளும் சேர்த்து 40 விழுக்காடு, அதாவது 72 வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 32 விழுக்காடு. ஆனால் அது தகுதிக்கு மட்டும்தான். 6,695 இடங்களும் மதிப்பெண் வரிசையிலும் இடஒதுக்கீட்டின்படியும் நிரம்புவதால், உண்மையில் எடுக்க வேண்டியது அதைவிட நன்றாகவே அதிகம். இரண்டு விடைகளைத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கண்மூடிக் குறிப்பதைவிட இரு மடங்கு பலன் தரும். இதை ஒரு திறமையாகவே பழக்கலாம்.

முழு மாதிரித் தேர்வு ஒன்றிரண்டாவது வேண்டும். பெஞ்சில் தள்ளித்தள்ளி உட்கார வைத்து, மணி அடித்து, இடைவேளை விட்டு, அசல் மாதிரியே நடத்த வேண்டும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் வெளியிடும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் கிடைக்கின்றன. வாரா வாரம் முழுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சலிக்க வைப்பதால் பயன் இல்லை. ஒரு தேர்வு வைத்தால் இரண்டு மூன்று நாள் அதன் தவறுகளைப் பேச ஒதுக்க வேண்டும். பேசாமல் விட்ட தேர்வு வீண்.

தேர்வு மையம் அநேகமாக வேறொரு பள்ளியில் இருக்கும். சனி அல்லது ஞாயிறில் நடப்பதால் சத்துணவும் இருக்காது. எட்டாம் வகுப்புக்குக் காலை உணவுத் திட்டமும் பொருந்தாது. அது தொடக்கப் பள்ளிக்கு. காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறி வந்து மதியம் வரை உட்காரும் பிள்ளைக்கு இரண்டாம் தாளில் கண் மங்கத்தான் செய்யும். பல ஊர்களில் ஆசிரியர்களே கைக்காசு போட்டு வேன் பிடித்து, இட்லிப் பொட்டலம் வாங்கி அழைத்துப் போகிறார்கள். முடிகிற இடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு இதைப் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டு தாளுக்கு இடையே உள்ள இடைவேளையில் ‘அந்தக் கேள்விக்கு என்ன போட்ட?’ என்ற பேச்சே வேண்டாம். முதல் தாளில் நான்கு தப்பு என்று தெரிந்து அழுதுகொண்டே இரண்டாம் தாளுக்குப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த அரைமணி நேரத்தில் பெரியவர்கள் செய்ய வேண்டியது தண்ணீர் கொடுப்பது, கழிப்பறைக்குப் போய்வரச் சொல்வது, வேறு எதையாவது பேசுவது.

எல்லோருக்குமா, சிலருக்கு மட்டுமா

எல்லாப் பள்ளிகளும் வகுப்பு முழுவதையும் இதற்குத் தயார் செய்வதில்லை. முதல் ஐந்து ரேங்க் பிள்ளைகளைப் பொறுக்கி, அவர்களுக்கு மட்டும் மாலை வகுப்பு நடத்தும் வழக்கம் இருக்கிறது. தேறியவர்களின் படத்தோடு பள்ளி வாசலில் பிளெக்ஸ் வைக்கும்போது, எத்தனை படம் என்பது கௌரவப் பிரச்சினை ஆகிவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு எடுத்த யாரும் எழுதலாம் என்று அரசே சொல்லும்போது, நாம் முன்கூட்டியே வடிகட்டக் கூடாது. பள்ளித் தேர்வில் நடுவில் நிற்கும் பிள்ளை மனத்திறன் தாளில் முதலாவதாக வருவது அடிக்கடி நடக்கிறது. நீளமாக எழுதத் திணறுவதாலேயே வகுப்பில் பின்தங்கியிருந்த பிள்ளை, யோசித்து வட்டம் நிரப்பும் தேர்வில் பளிச்சென்று தெரிவதைப் பார்க்கலாம். படிப்பை நிறுத்தும் அபாயம் அதிகம் உள்ளதும் இந்த நடுவரிசைப் பிள்ளைகளுக்குத்தான். திட்டம் யாருக்காக வந்ததோ, அவர்களையே பயிற்சியில் விட்டுவிடுவது அநியாயம்.

தேறிய பிறகுதான் இன்னொரு தேர்வு

முடிவு வந்து பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் பணம் வந்துவிடாது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பிள்ளையின் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளி சரிபார்க்க வேண்டும், மாவட்ட அளவில் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். கடைசித் தேதியைத் தவறவிட்டால், தேர்வில் தேறியும் பணம் இல்லை.

இங்கேதான் ஒரு பெரிய ஓட்டை. பயிற்சி கொடுத்தது நடுநிலைப் பள்ளி. விண்ணப்பிக்க வேண்டியது ஒன்பதாம் வகுப்பு நடக்கும் புதுப் பள்ளி. பழைய ஆசிரியரின் கையை விட்டுப் பிள்ளை போய்விட்டது; தங்களிடம் வந்து சேர்ந்த இந்தப் பிள்ளை என்எம்எம்எஸ் தேறியவர் என்பது புதுப் பள்ளிக்குத் தெரியாமலேயே போகலாம். மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நாளிலேயே, தேர்வு எண்ணும் தேறிய விவரமும் எழுதிய ஒரு தாளைப் பெற்றோர் கையில் கொடுத்து, புதுப் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு போனும் போட்டுவிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு போனின் மதிப்பு 48,000 ரூபாய்.

அப்புறம் பெயர். ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி. நம் ஊரில் இனிஷியல் பெயருக்கு முன்னால் வருமா பின்னால் வருமா, அப்பா பெயர் விரிவாக வருமா என்பதற்கு ஓர் ஒழுங்கு கிடையாது. கணினிக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்கள். இதைச் சரிசெய்யும் வேலையை எட்டாம் வகுப்பின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட வேண்டும். ஆதார் திருத்தத்துக்கும் வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைப்பதற்கும் அம்மாவோ அப்பாவோ கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டியிருக்கும். வருமானச் சான்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாகத் தாண்டி வர வேண்டும். கடைசி வாரத்தில் கிளம்பினால் நடக்காது.

தொடர்ந்து பணம் வர நிபந்தனைகளும் உண்டு. ஒன்பதிலிருந்து பத்துக்கும், பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கும் முதல் முயற்சியிலேயே தேறிப் போக வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு எடுக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 55. இந்தப் பத்தாம் வகுப்பு நிபந்தனை பல வீடுகளுக்குத் தெரிவதே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் சேரும்போதே பிள்ளையிடமும் பெற்றோரிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும்.

கிடைக்காமல் போன பிள்ளைகளுக்கும் வழி மூடிவிடவில்லை. கிராமப்புறப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு படிப்பவர்களுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு ஐம்பது மாணவர், ஐம்பது மாணவியர் என்று நூறு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் இரண்டு ஆண்டுக்கு. அதில் பாதி இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. அது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை ஒட்டியே வருவதால், என்எம்எம்எஸ்ஸில் கணக்கில் சறுக்கி, தமிழில் ஆர்வம் உள்ள பிள்ளைகளின் பெயரை எட்டாம் வகுப்பு ஆசிரியர் இப்போதே குறித்துவைத்து, மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியரிடம் சொல்லி வைக்கலாம்.